தெற்கே நின்று பார்த்தால்

சுற்றுகிற சாமான் எதுவானாலும் எங்கள் பட்டறையில் அது வலமாகத்தான் சுற்றும். ரிசப்ஷனில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிற்கவைத்துச் சுற்றும் மேடை, திருவிழாவில் சாமிக்குப் பின்னால் கலர் விளக்கோடு சுழலும் சக்கரம், ஜவுளிக்கடை வாசலில் பொம்மையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் ஸ்டாண்டு, எல்லாம் வலம். ஒரே ஒரு தடவை ஒரு கல்யாண மேடை இடமாகச் சுற்றிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் மண்டபத்திலேயே என் கணவரைப் பிடித்துக்கொண்டு, மங்கல காரியத்தில் இப்படிச் செய்யலாமா பாய் என்று ஒரு மூச்சு கத்தித் தீர்த்தார். அன்றிலிருந்து எங்கள் ஃபிட்டர் கிட்டு எந்த மோட்டாருக்கு வயர் கொடுத்தாலும் முதலில் ஓடவிட்டு, வலமாகப் போகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போவான்.

பட்டறை திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் இருக்கிறது. என் மாமனார் போட்டது, என் கணவர் ஜாபர் வளர்த்தது. போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. அன்று முதல் பட்டறையைப் பார்ப்பது நான், ஜஹீரா. எனக்கு லேத் ஓட்டத் தெரியாது. ஆனால் வேலையை வாங்கத் தெரியும், வாங்கிய வேலையை முடிக்கவைக்கத் தெரியும், சாக்குச் சொல்கிறவன் வாயை அடைக்கத் தெரியும். இதற்கு மேல் ஒரு முதலாளிக்கு என்ன தெரியவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

என் கொழுந்தன் உஸாமாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக்கடை. பட்டறையை மூடிவிட்டு இடத்தை ஒரு கூரியர் கம்பெனிக்குக் குடோனாக விட்டுவிடலாம் என்பது அவன் கட்சி. ஒருநாள் டேப்போடு ஓர் ஆளைக் கூட்டிவந்து, நான் நின்றுகொண்டிருக்கும்போதே நீளம் அகலம் அளந்துகொண்டு போனான். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் என்னையும் சேர்த்து அளந்திருப்பார்கள். வீட்டில் அவன் சொன்னதுதான் என்னைக் குத்தியது. அத்தா போட்ட பட்டறையின் அருமை வாணியம்பாடியிலிருந்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும் என்றான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளை பெற்றேன், மாமனார் மாமியார் இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டேன். இன்னும் நான் வெளியூர்.

அந்த நேரத்தில்தான் நெப்டியூன் வந்தது.

முடிச்சூரில் ஒரு பள்ளிக்கூடம் புதிதாக அறிவியல் கூடம் கட்டியிருந்தது. அதன் நடு ஹாலில், உச்சியிலிருந்து நெப்டியூன் கிரகம் தொங்கவேண்டும்; அதன் நிலாக்கள் மோட்டாரில் அதைச் சுற்றவேண்டும். வரைபடத்தோடு ஸ்கூட்டியில் வந்தது அந்தப் பள்ளியின் பிஸிக்ஸ் டீச்சர், ஸ்ம்ருதி என்கிற சின்னப் பெண். சனியும் வியாழனும் எல்லாப் பள்ளியிலும் தொங்குகிறது, கடைசியில் இருக்கிறதை யாரும் கண்டுகொள்வதில்லை, அதனால்தான் நெப்டியூன் என்றாள். நாலு இடத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னாள். முடியாது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளே ஏதோ ஏறும். வரைபடத்தைப் பிரிக்கும் முன்பே முடியும் என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக்குணம்.

அன்று சாயங்காலம் என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தே உஸாமாவிடம் பேசினேன். பட்டறை ஷட்டருக்கு மாமனார் காலத்திலிருந்தே இரண்டு பூட்டு. ஒரு சாவி எங்களிடம், ஒரு சாவி அவனிடம்.

"இந்த ஒரு வேலைதான் உஸாமா. பள்ளிக்கூடத்துல சரின்னு வாங்கிக்கிட்டா உங்க சாவியை எங்கிட்ட கொடுத்துடணும். அதுக்கப்புறம் குடோன் பேச்சே கூடாது. திருப்பி அனுப்பிட்டாங்கன்னா என் சாவி உங்களுக்கு."

உஸாமா அண்ணனைப் பார்த்தான். அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பேச்சு முடிந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே நிலா. அதன் பிறையைப் பார்த்து நோன்பு பிடிப்போம், பிறையைப் பார்த்து நோன்பை விடுவோம். நெப்டியூனுக்கோ தெரிந்த வரைக்கும் பதினாறு இருக்கிறதாம். எங்களுக்குக் கொடுத்தது ஆறு. ஆறும் ஆறு குணம். ஒரே மாதிரி ஆறு உருண்டை அடித்து ஒரே மாதிரி ஆறு கம்பியில் மாட்டிவிடலாம் என்று நினைத்தவள் நான். ஸ்ம்ருதி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது.

முதல் இரண்டும் நயாட், தலஸ்ஸா. கிரகத்தை ஒட்டி, பக்கத்துப் பக்கத்துப் பாதையில் ஓடுகிறவை. இடித்துக்கொள்ள வேண்டியதுதானே என்றால், அதுதான் இல்லை. நயாட் ஒவ்வொரு முறை தலஸ்ஸாவைத் தாண்டும்போதும் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகள் முகம் பார்க்காமல் சமைத்து முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு இது உடனே புரிந்தது. கிட்டு நயாடுக்கு மட்டும் ஏறி இறங்கும் நெளிந்த தண்டவாளம் ஒன்று வளைத்துக் கொடுத்தான்.

அடுத்தது புரோட்டியஸ். கரி பூசிய மாதிரி கறுப்பு, உருண்டையும் இல்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் தன் எடையிலேயே உருண்டையாகியிருக்குமாம், ஆகாமல் கோணலாக நின்றுவிட்டதாம். கிட்டு அதை முதலில் அழகாக உருட்டி வைத்திருந்தான். இதை நசுக்கவேண்டும் என்று ஸ்ம்ருதி சொன்னதும் அவனுக்கு முகமே செத்துவிட்டது.

"இன்னாக்கா இது, உருண்டையா வர்லன்னா திட்டுவாங்க. உருண்டையா வந்துகீது, அதுக்கும் திட்டு" என்று புலம்பிக்கொண்டே சுத்தியலால் நாலு அடி அடித்தான். அடித்ததில் ஓரமாக ஒரு சின்னச் சில்லு தெறித்தது. அதை வீசப் போனவனை ஸ்ம்ருதி ஓடிப்போய்த் தடுத்தாள். நாலாவது நிலாவான ஹிப்போகேம்ப் உண்மையிலேயே புரோட்டியஸிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டாகத்தான் இருக்கவேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்களாம். அந்தச் சில்லையே தேய்த்து, கறுப்படித்து, ஹிப்போகேம்பாக மாட்டினோம்.

ஐந்தாவது நெரீட், கண்காணாத தூரத்துச் சொந்தம். கிட்டத்தில் வரும்போது விருட்டென்று வந்து போய்விடும். பிறகு தூரம், தூரம், தூரம். ஒரு தடவை சுற்றி முடிக்க அதற்குக் கிட்டத்தட்ட நம்முடைய ஒரு வருஷம். துபாயிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, பெட்டியைத் திறந்து மூடிவிட்டுத் திரும்பிப் போகும் என் பெரிய தம்பியை நினைத்துக்கொண்டேன். அதற்கு முட்டை வடிவத்தில் நீளத் தண்டவாளம்.

ஆறாவதுதான் ராஜா. ட்ரைட்டன். மற்ற எல்லா நிலாவையும் ஒரு தட்டில் வைத்தாலும் அதன் எடைக்குக் காணாது. குளிர் மைனஸ் இருநூற்று முப்பத்தைந்து டிகிரி. அந்தக் குளிரிலும் உள்ளே ஏதோ கொதித்து, தரை வெடித்துக் கரும்புகை மாதிரி மேலே பீய்ச்சுமாம். அதன் தோல் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு ஸ்ம்ருதி சொன்னாள், கிர்ணிப்பழத் தோல் மாதிரி என்று. மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு கிர்ணிப்பழம் வாங்கி வந்து கிட்டுவின் முன்னால் வைத்தேன். இரண்டு நாள் அதைத் தடவித் தடவி அதே மாதிரி தோலைக் கொண்டுவந்தான். பிறகு பழத்தை வெட்டி எல்லோருமாகத் தின்றோம்.

ட்ரைட்டனிடம் இன்னொரு விசேஷம் இருந்தது. அது நெப்டியூனோடு கூடப் பிறந்ததில்லை. எங்கேயோ வெளியிலிருந்து வந்து மாட்டிக்கொண்டது. அதனால்தான் மற்றவை போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. வரைபடத்தின் கீழே ஸ்ம்ருதி தெளிவாகத் தமிழில் எழுதியிருந்தாள்: "எல்லாத் துணைக்கோள்களும் நெப்டியூனை வலம் வரும். ட்ரைட்டன் மட்டும் எதிர்த் திசை."

கிட்டு அதைப் படித்துவிட்டு, "வலம் வரும்னு போட்டுகீது. நம்ம வயக்கந்தானேக்கா" என்றான். ஐந்து நிலாவுக்கும் வலம், ட்ரைட்டனுக்கு மட்டும் நடுவில் ஒரு பல்சக்கரம் கூடுதலாகக் கொடுத்து இடம். பிள்ளைகள் கம்பு வைத்து நிலாவை அது போகிற பக்கமே தள்ளினாலும் பல்சக்கரம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக நிலாவைத் தாங்கும் ஒவ்வொரு கைக்கும் ஒரு சைக்கிள் ஃப்ரீவீல் போட்டான். பட்டறையிலேயே செயின் பிளாக்கில் தூக்கிக் கட்டி, கீழே நின்று அண்ணாந்து பார்த்து, சுற்றவிட்டான். வலமாகப் போயிற்று. டீ குடிக்கப் போனான்.

அவுட்டர் ரிங் ரோடு வழியாக இரண்டு டெம்போவில் நெப்டியூன் முடிச்சூர் போய்ச் சேர்ந்தது. சாரம் கட்டி, உச்சியில் மாட்டி, வியாழக்கிழமை மத்தியானம் ஓடவிட்டோம். நீல உருண்டை மெல்லத் திரும்ப, கறுப்புப் புரோட்டியஸ் கோணிக்கொண்டு வர, நயாட் தலஸ்ஸாவைப் பார்த்ததும் மேலே ஏறி விலக, நெரீட் சுவர்வரை போய்த் திரும்ப, எல்லாவற்றுக்கும் எதிரே ட்ரைட்டன் வந்தது. மாஷா அல்லாஹ்! நானா இதைச் செய்தேன் என்று இருந்தது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியவர் பள்ளியின் தாளாளர் சூர்யநாராயணன். ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தமாட்டார், விட்டும் கொடுக்கமாட்டார். அன்றே வந்து, ஹாலின் நடுவில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"அழகா இருக்கும்மா. ஆனா தப்பா சுத்தறது" என்றார். "சூரியக் குடும்பத்துல பெரும்பாலும் எல்லாமே ஆன்ட்டி க்ளாக்வைஸ். இங்க அஞ்சு நிலா க்ளாக்வைஸ் போறது. எதிர்த்துப் போகவேண்டிய ட்ரைட்டன் மட்டும் ஒழுங்கா போறது. அப்படியே தலைகீழ். பசங்களுக்குத் தப்பா காட்டற சாமானை நான் வாங்கிக்க முடியாது."

நான் ஸ்ம்ருதியைப் பார்த்தேன். அவள் வரைபடத்தைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. புத்தகத்துப் படங்களில் எல்லாம் இடமாகத்தான் அம்புக்குறி போட்டிருக்கும் என்றாள். வலம் வரும் என்று அவள் எழுதியது சும்மா சுற்றிவரும் என்ற அர்த்தத்தில்.

ஒரு சொல். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள், பூமி சூரியனை வலம் வருகிறது என்று. அவர்களுக்குச் சுற்றினால் போதும். கிட்டுவுக்கு வலம் என்றால் சோற்றுக்கைப் பக்கம், அவ்வளவுதான். அவனை மட்டும் சொல்வானேன். என் மாமியார் ஹஜ்ஜுக்குப் போய்வந்து, கஅபாவை இடக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றினோம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுற்றுவதில்லை என்று எனக்காவது தோன்றியிருக்கவேண்டாமா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மோட்டார் வயரை மாற்றிப் போட்டால் போதாதா என்று கேட்டார் சூர்யநாராயணன் சார். போதாது. சைக்கிள் பெடலைப் பின்னால் மிதித்தால் சங்கிலி கடகடவென்று ஓடும், சக்கரம் நிற்கும். அதே மாதிரிதான் கிட்டு போட்ட ஃப்ரீவீலும். மோட்டாரைத் திருப்பினால் ஆறு நிலாவும் அசையாமல் நிற்கும். முழுவதையும் இறக்கி, கழற்றி, ஒவ்வொரு ஃப்ரீவீலையும் திருப்பி மாட்டி, மறுபடி தூக்கவேண்டும். புதன்கிழமை ஆகும் என்று கிட்டு முனகினான்.

"ஞாயித்துக்கிழமை காலைல சரியா சுத்தினா இருக்கட்டும்" என்றார் சார். "இல்லேன்னா இறக்கிடுங்கோ. வெறும் ஹாலாவே திறந்துக்கறேன்."

நான் அவுட்டர் ரிங் ரோட்டைத் தாண்டுவதற்குள் உஸாமாவின் போன் வந்துவிட்டது. டெம்போக்காரன் அவன் சிநேகிதன். சாவியை வீட்டில் வைத்துவிடுங்கள் அண்ணி, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைவரை சாவி என் இடுப்பில்தான் இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

வீட்டில் என் கணவருக்குக் கஞ்சி ஊட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "என்ன?" நடந்ததைச் சொன்னேன். புதன்கிழமை ஆகும் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படி முடிப்பது, முடியாமல் போனால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. அவர் கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். பிறகு, வார்த்தையை எங்கிருந்தோ இழுத்து வருகிற மாதிரி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கழட்டு."

அது போதும் எனக்கு. புதன்கிழமை என்றால் புதன்கிழமை, அதை ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்து வருகிறேனா இல்லையா பார் என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை விடிந்தும் விடியாமலும் நானும் கிட்டுவும் பள்ளிக்கூட ஹாலில் நின்றோம். வெல்டருக்குக் காய்ச்சல், வரவில்லை. கழற்றுவதற்கு மேலே ஓர் ஆள் வேண்டும், கீழே சுவிட்சுக்கு ஓர் ஆள் வேண்டும். நெரீட்டின் கை சரியான இடத்துக்கு வந்தால்தான் அதன் போல்ட்டில் ஸ்பேனர் நுழையும். அதுவரை மோட்டாரை மெதுவாக ஓட்டவேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று கிட்டுவுக்குத்தான் தெரியும். அப்படியானால் மேலே நான். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, சாரத்தில் ஏறினேன். வேண்டாம்க்கா, விழுந்தா பாய்க்கு யாரு பதில் சொல்றது என்று கிட்டு கீழேயிருந்து கெஞ்சினான். வாயை மூடிக்கொண்டு சுவிட்சைப் போடு என்றேன்.

உச்சிப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்த்தேன். எனக்குக் கீழே நெப்டியூன், அதற்குக் கீழே தரை. கிட்டு சுவிட்சைப் போட்டான். நிலாக்கள் நகர ஆரம்பித்தன. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஏன்டா, வயரை மாத்திட்டியா?"

"இல்லக்கா. நான் எதுக்கு அத்த தொடப் போறேன்."

"அப்புறம் எப்படி இடப்பக்கமா சுத்துது?"

"எங்க இடம்? நல்லா பாருக்கா. வலமாத்தான் போய்க்கினு கீது."

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இடம். சந்தேகமே இல்லை. அவனை மேலே வரச் சொன்னேன். ஏறி வந்து என் பக்கத்தில் படுத்துப் பார்த்தான். இடம். இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தான். வலம். மறுபடி ஏறி வந்தான்.

"இன்னாக்கா, பேஜாரா கீது" என்று பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். படுத்தபடியே ஸ்ம்ருதிக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள்.

"புத்தகத்துல அந்தப் படத்தையெல்லாம் எங்கேருந்து பார்த்து வரையுறாங்க ஸ்ம்ருதி?"

"எங்கேருந்துன்னா... வடக்கேருந்துக்கா. வட துருவத்துக்கு மேல நின்னு கீழ பார்க்கற மாதிரி."

"வரைபடத்துல கிரகத்தோட வட துருவத்தை நீ எந்தப் பக்கம் வெச்சிருக்க?"

"மேல. கூரைப் பக்கம்."

"நான் இப்ப கூரைக்குக் கீழ படுத்துக்கிட்டுப் பார்க்கிறேன். இடமாத்தான் சுத்துது."

போனில் வரைபடத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நேத்து நாம எல்லாரும் கீழே, தெற்கே நின்னுக்கிட்டிருந்தோம். எதையும் கழட்டாதீங்க. இதோ வரேன்."

அவள் வரும்போது சூர்யநாராயணன் சாரையும் அழைத்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நானே ஏறிப் பார்க்கிறேன் என்றார். இந்த வயதில் வேண்டாம் சார் என்று ஸ்ம்ருதி தடுத்தும் கேட்கவில்லை. கோயிலுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து ஏறினார். நெரீட் போய்த் திரும்பி வரும்வரை பொறுமையாகப் பார்த்தார். நான் சாரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றார், மேலேயிருந்து.

இறங்கி வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். தெரிந்துதான் இப்படிச் செய்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பட்டறைக்கு எவ்வளவு பெருமை! ஆனால் கிட்டு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இல்ல சார். வலம்னா வலதுன்னு தப்பா படிச்சோம், அதையும் கீழே நின்னு பார்த்தோம். ரெண்டும் சேர்ந்து சரியா வந்துடுச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. பிள்ளைகள் கீழேதானே நிற்பார்கள், அவர்கள் கண்ணுக்குத் தலைகீழாகத்தானே தெரியும், படத்தில் ஒன்றும் கூரையில் ஒன்றுமாகக் குழம்பமாட்டார்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் ஸ்ம்ருதிக்குத் தெரிந்திருந்தது.

நெப்டியூன் சூரியனை ஒரு தடவை சுற்ற நூற்று அறுபத்தைந்து வருஷம் ஆகுமாம். அதுவும் சாய்ந்தபடி சுற்றுகிறது. இப்போது அதன் தென்பக்கம் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. இன்னும் இருபது வருஷத்துக்கு அப்படித்தான் இருக்கும்.

"இன்னிக்குப் பூமியிலேருந்து பெரிய டெலஸ்கோப் வெச்சுப் பார்த்தா தெற்குதான் தெரியும் சார்" என்றாள். "பசங்க கீழேருந்து என்ன பார்க்கறாங்களோ, அதுதான் இப்ப நிஜமாவே தெரியற பக்கம்."

சார் மறுபடி அண்ணாந்து பார்த்தார். இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டவில்லை.

"அப்ப அதை எழுதி வெச்சுடுங்கோ. கேள்வி கேக்கற பசங்க கேக்கட்டும். நான் வாங்கிக்கறேன்."

கிட்டு ஓடிப்போய்ச் சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அழுகிறானா என்று நான் கேட்கவில்லை. நானே அந்த நிலைமையில்தான் இருந்தேன்.

சுவரில் மாட்டும் அறிவிப்புப் பலகையில் என்ன எழுதுவது என்று எனக்கும் ஸ்ம்ருதிக்கும் சண்டை. அவள் துருவம், சாய்வு, சுற்றுத்தளம் என்று பத்து வரி எழுதிவந்தாள். வலம் என்ற சொல் மட்டும் எங்கேயும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம், தனக்குத் தானே. நான் பத்து வரியையும் அடித்துவிட்டு ஒரே வரி போடச் சொன்னேன்: "நீங்கள் தெற்கே நின்று பார்க்கிறீர்கள்."

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. என் கணவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்திருந்தேன். நாற்காலியைத் தள்ளிவந்தவன் உஸாமா; வெள்ளிக்கிழமை நடந்ததை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கூரியர் ஆளைச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறான் என்று என் மகள் காதில் ஓதினாள். உள்ளே வந்ததும் முதலில் பலகையைத்தான் படித்தான்.

"தப்பா செஞ்சுட்டு ஒரு போர்டு மாட்டிச் சமாளிச்சுட்டீங்களா அண்ணி?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் சூர்யநாராயணன் சார் எங்கிருந்தோ வந்து, இவர்தானே ஜாபர் என்று குனிந்து என் கணவரின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் பட்டறை வேலையை நானே சாரத்தில் ஏறிப் பார்த்துவிட்டேன், ஒரு போல்ட்டைக்கூட மாற்றச் சொல்லவில்லை என்றார். அடுத்த வருஷம் யுரேனஸையும் உங்களிடமே கொடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். உஸாமா நாற்காலியின் பிடியைப் பிடித்தபடி நின்றான்.

என் கணவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்து வலிக்கப்போகிறது என்று நான் நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்தேன். புரோட்டியஸ் போயிற்று, அதன் சில்லு போயிற்று, நயாட் ஏறி இறங்கிப் போயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து கிர்ணிப்பழத் தோலோடு பெரிதாக ட்ரைட்டன் வந்தது. அவர் இடது கையைத் தூக்கி அதைக் காட்டினார்.

"அது?"

"அது இங்க பொறந்தது இல்ல மச்சான். வெளியூர்லேருந்து வந்தது. அதான் எதிர்த்துப் போகுது. ஆனா இருக்கிறதுலயே அதுதான் பெரிசு."

அவர் அது தலைக்கு மேலே ஒரு சுற்று முழுவதும் வரும்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். பாதி வாய் சிரித்தது. படுத்த நாளிலிருந்து அவ்வளவு நீளமான சொல்லை அவர் சொன்னதில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஹாலில் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"வாணியம்பாடி."

உஸாமாவின் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அண்ணனின் மடியில் வைத்தான். அவர் அதை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார். இடுப்பிலிருந்த வளையத்தை அவிழ்த்து, இரண்டு சாவியையும் ஒன்றாக மாட்டினேன்.